தெருப்பக்கச் சுவர்

எதிர்வீட்டுக் கூடத்தில் ஈஸ்வரியின் புருஷன் மோகன் டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்துகிறான். செங்கல் தூசி தெருவைத் தாண்டி என் ஜன்னலுக்கே வருகிறது. காலே இல்லாமல் சுவரில் தொங்கும் டிவி ஸ்டாண்டாம். மலைக்குக் கீழே சந்தவாசல் கடையில் அதற்கு நிறம் பார்த்துச் சொன்னதும் நான்தான், மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மடியில் வைத்துக் காத்து வந்ததும் நான்தான். இத்தனை நாளும் அந்த டிவி மேசைமேல் என் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. சாயங்கால சீரியலை நானும் நின்ற இடத்திலேயே பார்த்துவிடுவேன். இப்போது துளை விழுவதோ தெருப்பக்கச் சுவரில், அவர்கள் ஜன்னலை ஒட்டி. டிவிக்கு இனி முகம் வீட்டுக்குள்ளே, முதுகு எனக்கு. “இன்னா ஈஸ்வரி, இந்தச் செவுத்துலயா மாட்றீங்க?” என்கிறேன். “ஆமாக்கா. பாவம், தெனமும் எட்டி எட்டிப் பாத்து உங்க கழுத்துதான் வலிக்குது. இனிமே வலிக்காது,” என்று சொல்லிக்கொண்டே மோகனிடம் ஸ்குரூவை நீட்டுகிறாள். மெஷின் ஓய்கிறது. வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. சீரியல் பாட்டு மட்டும் தெருவுக்குக் கேட்கிறது. டிவியின் நீல வெளிச்சம் ஈஸ்வரியின் முகத்தில் ஓடுகிறது. அவள் புருவம் சுருங்குகிறது, உதடு துடிக்கிறது, கண் கலங்குகிறது. சீரியலில் செத்தது யாரென்று தெரியாமலே நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன்.