மாமன் மடி

நிலம் பிளந்து பள்ளமான வருடம், பள்ளத்தின் எதிர்ப்பக்கம் வாழ்ந்த தங்கை பூங்கோதை தன் மூத்தவளுக்குக் காது குத்தினாள். "எறங்கி ஏற முடியாதும்மா," என்று போகாமல் இருந்துவிட்டார் தாய்மாமன் நல்லசிவம். இரண்டாமவனுக்குக் குத்தும்போது பள்ளத்தின் அடியில் தீக்குழம்பு பொங்கிப் புதுத் தரையாக இறுகிக்கொண்டிருந்தது. "சூடு தாங்காதும்மா," என்றார். கடைக்குட்டியின் முறை வருவதற்குள் கடலே உள்ளே வந்துவிட்டது. "படகுக்கு எங்க போறது?" என்று போனை வைத்தார். உண்மையில் சீர் செய்ய அவருக்கு மனமில்லை.

இன்று பூங்கோதையே ஆசாரியுடன் படகில் வந்து இறங்கினாள். கடைக்குட்டியை அண்ணன் மடியில் உட்காரவைத்தாள்.

"சீரெல்லாம் வேண்டாண்ணா. மடி போதும்."

நல்லசிவம் நிமிரவே இல்லை.

ஊசியைக் காதருகே கொண்டுபோன ஆசாரி கையை இழுத்துக்கொண்டார். "நிலம் ஆடுதுங்க. நிக்கட்டும்."

"நிலம் ஆடலைங்க," என்றாள் பூங்கோதை. "எங்கண்ணன் மடிதான் ஆடுது."