மூன்றாம் கேட் பெட்டி

"யோவ் வாட்ச்மேன்! என்னய்யா இது அக்கிரமம்?"

துறைமுகத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி போட்ட சத்தத்தில், மூன்றாம் கேட் வரிசையில் முதலாவதாக நின்ற லாரியின் டிரைவர் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தார்.

அதிகாரி காட்டிய கம்பத்தில், காற்றில் எவ்வளவு புகை என்று அளக்கும் பெட்டி இருந்தது. பெட்டியின் மூக்கில், அதாவது காற்று உள்ளே போகும் ஓட்டையில், ஒரு முகமூடி. நாடாவை இரண்டு பக்கமும் இழுத்து, பின்னால் அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

காற்று சுத்தமாக இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். புகை கூடினால் சிவப்பு எரிந்து சைரன் ஊதும். உடனே காத்திருக்கும் லாரிகளெல்லாம் இன்ஜினை அணைத்தாக வேண்டும். ஆறு மாதமாக ஒரு நாள்கூடச் சிவப்பு எரியவில்லை.

நாள் முழுக்க இருநூறு லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கிற இடத்தில், காற்று மட்டும் எப்படி மலை உச்சி மாதிரி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. 'தூய துறைமுகம்' என்று விருதே கொடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் துறைமுகத் தலைவர் வந்து, இதே பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மேடையில் அதிகாரிக்குக் கேடயம் தரப்போகிறார்.

"லாரிக்காரங்ககிட்ட எவ்வளவுய்யா வாங்கினே?"

"ஐயோ சார்! லொக்... ஒத்தப் பைசா... லொக் லொக்..."

"இருமி நடிக்காதே!"

"நடிக்கல சார். ஆறு மாசமாவே இப்படித்தான். நீங்க சொன்னதைத்தானே சார் செஞ்சேன்?"

"நான் என்ன சொன்னேன்?"

"பெட்டி மாட்டின அன்னிக்கு, 'இது உன்னோட பத்து வருஷச் சம்பளம். இதுக்கு ஏதாவது ஆச்சு, உன் வேலை போச்சு. பெத்த புள்ள மாதிரி பாத்துக்கோ'ன்னு சொன்னீங்க. நானும் பாத்தேன். நாள் பூரா புகையிலேயே நிக்குது, பாவம். அதான்..."

"முகமூடி ஏது?"

"கம்பெனி எனக்குக் கொடுக்கிறதுதான் சார். மாசத்துக்கு ஒண்ணு. அழுக்கானா துவைச்சும் போட்டுவிடறேன்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ உனக்கு?"

"எனக்கென்ன சார். நான் அவ்வளவு விலை இல்லையே."

அதிகாரி அவர் தோளைத் தட்டக் கை நீட்டினார். அப்புறம், தான் ஓர் அதிகாரி என்பது ஞாபகம் வந்துவிட்டது.

"அதெல்லாம் தெரியாது! இந்தப் பெட்டியை நம்பி ஊரே மூச்சு விடுதுய்யா! மனுஷனுக்கு நேர்மைன்னு ஒண்ணு வேணாம்? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!"

வாட்ச்மேனின் ஸ்டூலில் ஏறி முகமூடியைப் பிடுங்கினார்.

அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தது. சைரன் அலறியது. இருநூறு இன்ஜின்களும் ஒவ்வொன்றாக அடங்கின. கேட்டுக்குப் பின்னால் கடல் இருப்பதே அப்போதுதான் காதில் விழுந்தது.

வாட்ச்மேன் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. வேலை போன துக்கம்கூட அவருக்கு மறந்துவிட்டது.

"சார், ரொம்ப நல்லா இருக்கு சார்!"

அதிகாரியின் செல்போன் அடித்தது. தலைவரை வரவேற்கப் போயிருந்த உதவியாளர்தான். "சார், தலைவர் வண்டி ரெண்டாம் கேட்டைத் தாண்டியாச்சு!"

அதிகாரி சிவப்பு விளக்கைப் பார்த்தார். மேடையில் மின்னிய கேடயத்தைப் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு போட்டிருந்த கோட்டைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் சைரன் ஓய்ந்து பச்சை எரிந்தது. இருநூறு இன்ஜின்களும் உறுமத் தொடங்கின.

"சார், அப்போ என் வேலை?"

"நீ எங்கேயும் போகாதே. பெட்டியைப் பத்திரமா பாத்துக்கோ!"

வாட்ச்மேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"நாடாவை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க சார்... லொக்... லொக்... புள்ளைக்குப் புகை போகுது!"