மெக்கானிக் மிதித்தால் ஓடும் மிஷின்

மெக்கானிக் தளவாய் உட்கார்ந்து மிதித்தால் தையல் மிஷின் சமத்தாக ஓடுகிறது. முப்பிடாதி உட்கார்ந்தால் நாலு தையல் விழுவதற்குள் நூல் அறுந்துபோகிறது. காலையிலிருந்து இதே கூத்துதான். தாராவி வெயிலில் தகரக் கூரை கொதிக்கிறது. அதன் ஓட்டை வழியே விழுந்த வெளிச்ச வட்டம் ஊசிக்கடியில் நடுங்குகிறது. அவள் கழுத்து வியர்வையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. ஜன்னல் விளிம்பில் வைத்த டீயில் ஆடை கட்டிவிட்டது. இந்தச் சனியனைப் பங்கார் வண்டியில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று அவள் சொல்லி ஒரு மாதமாகிறது. இனி தேறாது என்று மெக்கானிக் வாயால் வரட்டும் என்கிறார் கணவர் பேச்சிமுத்து. அதற்காகத்தான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்.

“மிஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. எப்படி ஓடுது, பாத்தியளா?” தளவாய் எண்ணெய்க் கையைத் துடைக்கிறான். “அப்பம் நீ மிதிக்கதுலதான் என்னமோ இருக்கு” என்கிறார் பேச்சிமுத்து. பதினெட்டு வருஷமாக மிதிக்கிற கால். முப்பிடாதிக்குச் சுரீரென்று ஏறுகிறது. சாயங்காலம் கொடுக்க வேண்டிய யூனிஃபார்ம் துணிகளை அப்படியே அள்ளித் தளவாயின் மடியில் போடுகிறாள். “நல்லாத்தான ஓடுது? நீயே தைச்சுக் குடுத்துட்டுப் போ.” அவன் சிரித்துப் பார்க்கிறான். அவள் சிரிக்கவில்லை. குனிந்து மிதிக்கத் தொடங்குகிறான். முதல் சட்டைக் கை ஓடுகிறது. இரண்டாவதும் ஓடுகிறது. மூன்றாவதன் வளைவில் டப்பென்று நூல் அறுகிறது. தளவாய் நிமிரவில்லை. பேச்சிமுத்து மெல்ல எழுந்து செருப்பைத் தேடுகிறார். முப்பிடாதி ஆறிப்போன டீயை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, நிதானமாகக் குடிக்கிறாள்.