வேகாத பானை

எவரார்தோ குழந்தையை விழுங்கியதை அவன் மனைவி மிரேயா பார்த்துவிட்டாள்.

சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக் குழந்தை இயேசுதான். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில் வெட்டும் வளைய ரொட்டிக்குள் ஒளிந்திருக்கும். யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி அத்தனை பேருக்கும் தமால் விருந்து போடவேண்டும். சாப்பாட்டுக் கடை நிறைய வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்க, அது கடைக்காரன் பல்லிலேயே வந்து சிக்கியது. கையைத் தூக்க வேண்டியவன் ஒரு வாய் காப்பியோடு உள்ளே தள்ளிவிட்டான்.

"என் புருஷன் முழுங்கிட்டாரு! ரெண்டாம் தேதி எல்லாரும் வந்துடுங்க!" என்று மிரேயா கடை அதிர அறிவித்தாள்.

அத்தோடு அவளுக்கும் அவனுக்கும் பேச்சு அறுந்தது. "என்னடி கோபம்?" என்று எத்தனை தடவை கேட்டாலும் "இதோ, சொல்றேன்" என்பாள். மெக்சிகோக்காரர் சொல்லும் 'இதோ'வுக்கு அடுத்த நிமிடம் என்றும் பொருள் உண்டு, அடுத்த பிறவி என்றும் பொருள் உண்டு. அவனே அந்தச் சொல்லை வைத்துத்தான் பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறான்.

இரண்டாம் தேதி வந்தது. சிகாகோ தெருவில் முழங்காலளவு பனி. ஆனாலும் எட்டு மேஜையும் நிறைந்து, சுவரோரம் வேறு ஆட்கள் நின்றார்கள். ஓசிச் சாப்பாட்டுக்குப் பனியாவது, புயலாவது!

சமையலறையில் பானை மூன்று மணி நேரமாக அடுப்பில் இருந்தது. சோளத் தோகையில் மாவு பொதிந்த தமால் ஒன்றரை மணியில் வெந்துவிட வேண்டும். மாமியார் எல்விரா ஒன்றைப் பிரித்து விரலால் அழுத்தினாள். பச்சை மாவு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது அடுப்புக் குத்தமில்ல மாப்ள, ஆள் குத்தம்," என்றாள். "சமையக்கட்டுல சண்டை போட்டா வேகாது. பிள்ளைத்தாச்சி மாவு தொட்டா வேகாது. எத்தனை இருக்குன்னு எண்ணினா வேகாது. எண்ணினியா?"

"எனக்கு எண்ண எங்க வரும், அத்தை?"

"வீட்டை விட்டுக் கிளம்புறவ கை பட்டாலும் வேகாது."

எவரார்தோ பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். விடியற்காலையிலிருந்து அத்தனை தோகையிலும் மாவு தடவியவள் மிரேயா. போன வாரம் அவள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கியிருந்தாள். மஞ்சள் வர்ணம் அடித்த பின்னறையில் இருந்த வெங்காய மூட்டைகளையெல்லாம் நடையில் தள்ளிவிட்டு, அங்கே அந்தப் பெட்டியை வைத்திருந்தாள். இவன் மிளகாய் வறுக்க ஆரம்பித்தாலே போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாசல் பனியில் போய் நின்றுவிடுகிறாள். இவன் இருக்கும் இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை போலும்.

ஒரு துக்கடா பொம்மைக்காக ஒரு குடும்பமா போகும்?

"ஆடு," என்றாள் மாமியார்.

"என்னது?"

"சண்டை போட்டவன் பானை முன்னால ஆடணும். பானைக்குச் சிரிப்பு வந்தாத்தான் ஆவி ஏறும். எங்க ஊர்ல பாதிரியாரே ஆடியிருக்காரு. ம், ஆடு!"

ஆடினான். நாற்பத்தேழு வயதும் ஒரு மூட்டு வலியும் ஆடக்கூடிய ஆட்டம். பரிமாறும் ஜன்னல் வழியே கடையே எட்டிப் பார்த்துக் கைதட்டியது. முதல் மேஜை நிக்கானோர் மட்டும் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டே கத்தினார்: "எவரார்தோ, இடுப்பு எங்கப்பா? அதையும் முழுங்கிட்டியா?"

"பசியில இருக்கீங்க அண்ணே, மன்னிச்சு விடறேன்!"

மூடியைத் திறந்தார்கள். மாவு மாவாகவே இருந்தது. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எவரார்தோ நடையிலிருந்த வெங்காய மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தான். கடைக்குள் பசியோடு நாற்பது பேர். பானைக்குச் சிரிப்பு வரவில்லை, இவனுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. தமால் வேகாவிட்டால் ரொட்டியும் பீன்ஸும் கொடுத்துச் சமாளித்துவிடலாம். அவள் போய்விட்டால் எதைக் கொடுத்துச் சமாளிப்பது?

எழுந்து பின்வாசலுக்குப் போனான். மிரேயா கம்பளிச் சால்வைக்குள் சுருண்டு, குளிர் காற்றை வாயால் இழுத்துக்கொண்டு நின்றாள்.

"மிரேயா, நான் அல்பன்தான். பொம்மையை முழுங்கினது தப்புதான். அந்த நிக்கானோருக்கு ஆயுசு பூரா தமால் வேணா போடறேன். பெட்டியை எதுக்கு இறக்கின, அதை மட்டும் சொல்லு."

"இதோ, சொல்றேன்…"

"ஐயோ, அந்த 'இதோ' வேணாம்டி! போறியா, இல்லையா? ஒரே வார்த்தை."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மீசையில் மாவு, இடுப்பில் அவிழ்ந்து தொங்கும் ஏப்ரன், பனியில் புதைந்த செருப்புக் கால். இருபத்தேழு நாளில் முதல் தடவையாக அவள் உதடு கோணியது. சிரிப்பா, அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் கையைப் பிடித்துச் சால்வைக்குள் இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நான் எங்கயும் போகல, மக்கு. ஆகஸ்டுல ஒரு ஆள் வருது."