இறக்கம்

“பதினோரு ஆட்டம். பதினொண்ணும் வேணும்னே தோத்தது. இனிமே இவரை எதை வெச்சு நம்புறது?”

எஞ்சினியர் லேப்டாப்பைச் செயலாளர் அம்மா பக்கம் திருப்பினார்.

கடைசி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, தையல் கடைக்கு மாடியில் இருந்தது அந்த செஸ் கிளப். கடைக்கார அம்மாதான் செயலாளர். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது.

காலை ஷிப்ட் முடித்து பஸ்ஸை விட்டுவிட்டு வந்த டிரைவர், மூலை மேஜையில் தன் பாட்டுக்குக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சு தன்னைப் பற்றித்தான் என்பது காதில் விழாமல் இருக்க வழியில்லை. அறை அவ்வளவு சின்னது.

லேப்டாப்பில் தெரிந்தது எஞ்சினியர் எழுதிய சர்வர். யார் யாரை ஜெயித்தார் என்று ஏற்றிவிட்டால் போதும். ஒவ்வொருவருடைய திறமைப் புள்ளியையும் கணக்குப் போட்டு அவரவர் போனில் காட்டிவிடும். ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். வல்லவர் கற்றுக்குட்டியிடம் தோற்றால் தடாலென்று இறங்கும். இரண்டு வருஷத்து நோட்டைப் பார்த்து ஆட்டங்களை ஏற்றிக் கொடுத்தது செயலாளர் அம்மா.

“மொத்தமே இருநூறு வரிதாம்மா. கிளப்போட ஓட்டைக் கம்ப்யூட்டர்லயே ஓடும். தேவையில்லாத சரக்கு ஒண்ணு கிடையாது. ஆனா பொய் சொல்லாது.”

“சொல்லாது சார். அதான் பயமா இருக்கு.”

“இவர் புள்ளியைப் பாருங்க. ஆயிரத்து எண்ணூறுக்கு மேல இருந்தவர். ஆயிரத்து அறுநூறுக்குக் கீழ போனா ரெண்டாம் பிரிவு. இவர் நிக்கறது ஆயிரத்து ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுல. அளவெடுத்துத் தைச்ச மாதிரி இல்ல?”

“எங்க தொழிலை இதுல இழுக்காதீங்க.”

“ஞாயித்துக்கிழமை போட்டியில கத்துக்குட்டிங்களோட ஆடி, நோகாம கோப்பையைத் தட்டிட்டுப் போகலாம்னு திட்டம். அஞ்சு மணிக்குப் பட்டியல் ஒட்டணும். இவர் பேரை எடுத்துடுங்க.”

“வேணும்னே தோத்தார்னு எடுத்தா, அப்புறம் எந்தப் போட்டியிலயும் ஆட முடியாது சார். இருபது வருஷமா இங்க வர்றவர்.”

“அதனால?”

செயலாளர் அம்மா மூலைப் பக்கம் திரும்பினார். “டிரைவர் சார், நீங்களே ஏதாவது சொல்லுங்களேன்.”

டிரைவர் தலை நிமிரவில்லை. “மெஷின் சொல்றது சரிதாம்மா. பேரை எடுத்துடுங்க.”

“பாத்தீங்களா?” என்றார் எஞ்சினியர். “குத்தமுள்ள நெஞ்சு.”

எஞ்சினியருக்கு இது இவ்வளவு சுட்டதற்குக் காரணம் இருந்தது.

போன வருஷம், ஐம்பத்திரண்டு வயதில், அவருக்கு வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையும் சாப்பாட்டுப் பையுமாகக் கிளம்பி, பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப் வரை போவார். இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவார். மறுபடி போவார். ஒருநாள் ஜன்னல் வழியே இந்தக் கிளப்பின் போர்டு கண்ணில் பட்டு இறங்கினார். இங்கே நாலு ஆட்டம் ஜெயித்த பிறகுதான், மனைவியிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வந்தது. சொன்ன கையோடு கிளப்புக்காக இந்த சர்வரையும் எழுதினார்.

அப்படிப்பட்ட இடத்திலா கள்ள ஆட்டம்?

“சரி,” என்றார் செயலாளர் அம்மா, நாடாவை விரலில் சுற்றியபடி. “யார்கிட்ட தோத்தார்னு பாத்தீங்களா?”

“அதை நான் காட்ட வைக்கலை. தோத்தவர் யாருன்னு தெரிஞ்சா போதாதா? ஜெயிச்சவன் மேல என்ன குத்தம்?”

“குத்தம் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பாத்துடுங்க.”

டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார். “அம்மா, வேணாம்மா.”

“இப்பத்தான் பயம் வருது. கூட்டுக் களவாணி யாருன்னு தெரிஞ்சுடும்ல?”

எஞ்சினியர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். பக்கத்தைப் புதுப்பித்தார்.

பதினோரு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜெயித்தவர் பெயர் வந்தது. பதினொன்றிலும் ஒரே பெயர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் மாறவில்லை.

அவருடைய பெயர்.

டிரைவரை ஜெயித்தது அவருக்கு மறந்துபோயிருக்கவில்லை. அதைத் தன் திறமை என்றே இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தார்; இந்தப் பதினொன்றோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

செயலாளர் அம்மா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே ஒரு பஸ் வந்து நின்று, எல்லாரையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியது.

“அப்போ அதுல ஒண்ணுகூட நான் நிஜமா ஜெயிக்கலையா?”

“அந்தப் பதினொண்ணு மட்டும்தான் சார்,” என்றார் டிரைவர், தானே மாட்டிக்கொண்டவர் போல. “அதுக்கப்புறம் நீங்களே நல்லா ஆட ஆரம்பிச்சுட்டீங்க.”

“ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

டிரைவர் ராணியை எடுத்து அதன் கட்டத்தில் வைத்தார்.

“பின் சீட்டுல உக்கார்றவருக்கு டிரைவர் முகம் தெரியாது சார். டிரைவருக்குக் கண்ணாடியில எல்லாரும் தெரியும். நான் கொஞ்சம் இறங்கினாதானே, நீங்க மறுநாளும் கடைசி ஸ்டாப்புல இறங்குவீங்க?”