ஜாய்ஸ்டிக்குக்கு வைத்த பொட்டு

அடையாறு வீட்டின் பால்கனிக் கம்பிகள் வழியே விஜயதசமிக் காலை வெயில் சாப்பாட்டு மேசையில் கோடு கோடாக விழுகிறது. தன்னிடம் ரிப்பேருக்கு வந்த பழைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கைத் தேவிகா பிரித்துப் போட்டிருக்கிறாள். நேற்று ஆயுத பூஜையில் அதற்குப் பொட்டு வைத்தவன் அவள் கணவன் முரளிதரன். உள்ளே பித்தளைத் தகடுகளின்மேல் சந்தனம் சேறாய்க் காய்ந்திருக்கிறது. பொத்தான் இடுக்குகளில் குங்குமம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவள் தேய்க்கத் தேய்க்க, மெல்லிய தகடு ஒன்று டிக்கென்று ஒடிகிறது. முரளிதரன் காபி டம்ளரோடு நிற்கிறான். "போன வருஷம் இதையெல்லாம் விளையாட்டுச் சாமான்னு விட்டுட்டேன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே. இந்த வருஷம் பொட்டு வெச்சாலும் தப்பா?" "பொட்டா இது? கொழகொழன்னு கரைச்சு அப்பியிருக்கே! சாயந்தரம் இதை வாங்கிக்க வடபழனிலேர்ந்து ஆள் வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்?" பூஜை அலமாரி முன்னால் அவனுடைய லேப்டாப் இன்னும் இருக்கிறது. மூடியின் நட்டநடுவில், ஒட்டிய காகிதத்தின்மேல், மிளகளவு சந்தனம். ஒடிந்த தகட்டை அதை நோக்கி நீட்டுகிறாள் தேவிகா. "அதுக்கு மட்டும் ஏன் பேப்பர் ஒட்டி வெச்சே?" "உள்ள போனா கெட்டுடும்ல?" என்கிறான், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்க்கிறான்.