கப்பலில் வந்த நாடகம்

அமெரிக்காவில் நாடகக் கொட்டகைகள் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கொட்டகையில், உள்ளூர் வாத்தின் இறகுப் பேனா ஒன்று இரண்டு குளிர்காலம் பாடுபட்டு ஐந்து அங்க நாடகம் எழுதி முடித்தது. மேடையேறாத நாடகங்களை அங்கே அடுப்பெரிக்கக் கொடுத்துவிடுவார்கள். பயந்துபோன பேனா, கதாநாயகன் தலையில் அமரும் பொய்முடியிடம் யோசனை கேட்டது. லண்டன் பொய்முடி என்ற பெயர் இருந்ததால் அதன் பேச்சுக்குத் தனி மரியாதை.

“உள்ளூர்ச் சரக்கை எவன் பார்ப்பான்? லண்டன்லேருந்து கப்பல்ல வந்த நாடகம்னு சொல்லிடு தம்பி,” என்றது பொய்முடி.

அப்படியே விளம்பரம் செய்தார்கள். கொட்டகை பெஞ்சுகள் ஆறு நாளும் காலைத் தட்டித் தட்டிக் கொண்டாடின. “என்ன வசனம்! நம்ம ஊர்க்காரனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது!”

ஏழாம் நாள் பேனாவுக்கு மனசு கேட்கவில்லை. மேடையேறி, “எழுதினது நான்தாங்க. இந்த ஊர்க் குளத்து வாத்தோட இறகு,” என்றது.

பெஞ்சுகள் தட்டிய காலை இழுத்துக்கொண்டன.

“ரெண்டாம் அங்கத்துலயே எனக்குச் சந்தேகம்,” என்றது முன்வரிசை பெஞ்சு.

“சேத்து வாடை வீசுச்சே!” என்றது பின்வரிசை.

நாடகம் நின்றது; மறுநாள் காலை அதன் தாள்கள் அடுப்புக்குப் போயின.

“உங்களை மாதிரி நானும் லண்டன்ல பொறந்திருக்கணும் அண்ணே,” என்று அழுதது பேனா.

பொய்முடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தது: “நான் எதிர்த்தெரு லாயத்துக் குதிரையோட வால்டா. பதினோரு வருஷமா யார்கிட்டயாவது சொன்னேனா?”